வராத மெடலைக் கேட்டு வாங்குவது

1965இலும் 1971இலும் பட்டாளத்தில் இருந்தவர்களின் வீடுகளில் ஒரு போட்டோ சட்டம் போட்டு மாட்டியிருக்கும். யூனிஃபார்மில் நிற்கிறவரின் மார்பில் ரிப்பன் வரிசை தெரியும். ஆனால் அந்த ரிப்பனுக்குரிய மெடல் வீட்டில் எங்கும் இருக்காது. கேட்டால், "குடுப்பாங்கன்னு சொன்னாங்க, அதுக்குள்ள நான் டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்கு வந்துட்டேன்" என்று பெரியவர் பேச்சை முடித்துவிடுவார். ஐம்பது வருடம் கழித்தும் அவர் அதற்கு மேல் கேட்கமாட்டார். கேட்கவேண்டியவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். இந்த அத்தியாயம் அவர்களுக்காக.

மெடல் ஏன் வராமல் போகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அரசு ஒரு மெடலை அறிவித்ததும் அது கைக்கு வந்துவிடுவதில்லை. யார் யாருக்கு உரிமை என்று யூனிட் பட்டியல் எடுக்கவேண்டும். அது 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவாக வெளிவந்து, ரெக்கார்ட் ஆபீசில் அவருடைய பணிப் பதிவேடான ஷீட் ரோலில் பதிவாகவேண்டும். மெடலைத் தயாரித்து, விளிம்பில் அவர் எண்ணையும் ரேங்க்கையும் பெயரையும் பொறித்து அனுப்பவேண்டும். இதற்கு வருடக்கணக்கில் ஆகும். அதற்குள் அவர் வேறு யூனிட்டுக்கு மாறியிருப்பார், அல்லது படையை விட்டே வந்திருப்பார். பணியில் இருந்தவர்களே பரேடுக்காக கன்டோன்மென்ட் கடைகளில் நகல் மெடல் வாங்கிக் குத்திக்கொண்ட காலம் உண்டு. அதனால் வீட்டில் மெடல் இல்லை என்பதை வைத்து அவருக்கு உரிமை இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். உரிமை இருப்பது காகிதத்தில். அந்தக் காகிதத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலையில் முக்கால்வாசி.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். வீரச்செயலுக்கான விருதுகளுக்கு மத்திய அரசு மாதப்படி தருகிறது, மாநில அரசும் தொகை தருகிறது. போரில் பங்கெடுத்ததற்கும் நீண்ட சேவைக்கும் தரப்படும் சாதாரண மெடல்களுக்குப் பணம் எதுவும் வராது. "மெடல் வாங்கித் தந்தால் பென்ஷன் ஏறும்" என்று யாராவது கமிஷன் கேட்டால் அவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். இந்த வேலைக்கு இடைத்தரகர் தேவையே இல்லை.

டிஸ்சார்ஜ் புக்கைத் தேடுங்கள்

பீரோ, டிரங்குப் பெட்டி, பரண் என்று எங்கே இருந்தாலும் டிஸ்சார்ஜ் புக்கை எடுங்கள். சர்வீஸ் நம்பர், ரேங்க், பெயர், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, ரெஜிமென்ட் எல்லாம் அதில் இருக்கும். மெடல்களுக்கென்று தனி இடமும் உண்டு. பலர் அந்தப் பக்கத்தைப் படித்ததே இல்லை. அதில் ஒரு மெடலின் பெயர் எழுதியிருந்தும் அந்த மெடல் வீட்டில் இல்லையென்றால், உங்கள் வேலை மிக எளிது. உரிமை ஏற்கெனவே பதிவாகிவிட்டது. பொருள்தான் வந்து சேரவில்லை, அல்லது வந்து தொலைந்துவிட்டது.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மெடல் வரவே இல்லையென்றால் "வழங்கப்படவில்லை" என்று கேட்கவேண்டும். வந்து தொலைந்திருந்தால் "மாற்று மெடல்" கேட்கவேண்டும். எப்போது, எப்படித் தொலைந்தது என்று உறுதிமொழிப் பத்திரமும், திருட்டுப் போயிருந்தால் போலீஸ் புகாரின் நகலும் சேர்க்கவேண்டும். தொலைத்ததைச் சொல்லக் கூச்சப்பட்டு "வரவே இல்லை" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அனுப்பிய தேதி ரெக்கார்ட் ஆபீசில் பதிவாகியிருந்தால் அந்த விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வெள்ளத்தில் போனது, வீடு இடிந்ததில் போனது, யாரோ பழைய பொருளோடு போட்டுவிட்டார்கள் என்று எழுதுவதில் அவமானம் எதுவும் இல்லை.

மூன்றாவது வகைதான் சிரமமானது. அவர் அந்த இடத்தில் பணி செய்திருப்பார், ஆனால் மெடல் டிஸ்சார்ஜ் புக்கிலும் இருக்காது, ஷீட் ரோலிலும் ஏறியிருக்காது. இதற்கு அவர் அங்கே இருந்தார் என்று காட்டவேண்டும்.

பெரியவரிடம் எப்படிக் கேட்பது

அவர் உயிரோடு இருந்தால் அதைவிடப் பெரிய ஆவணம் கிடையாது. ஆனால் "எந்த வருஷம் எங்க இருந்தீங்க?" என்று கேட்டால் பதில் வராது. எண்பதைத் தாண்டியவருக்கு வருடம் நினைவிருக்காது. ஊரும் ஆளும் நினைவிருக்கும். இடத்தைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

"தாத்தா, சென்டர்ல ட்ரெய்னிங் முடிஞ்சதும் முதல்ல எங்க போட்டாங்க?"

"முதல்ல ஜம்மு பக்கம். அங்கேருந்து யூனிட்டோட பீஸ் ஸ்டேஷனுக்கு வந்தோம்."

"சண்டை வந்தப்ப லீவுல இருந்தீங்களா, யூனிட்ல இருந்தீங்களா?"

"லீவுலதான் இருந்தேன். ரேடியோவுல சொன்னாங்க, தந்தியும் வந்துச்சு. மறுநாளே ரயிலேறிட்டேன்."

இப்படிக் கேட்டால் ஒவ்வொன்றாக வரும். ஃபீல்டு ஏரியாவா, பீஸ் ஸ்டேஷனா, கம்பெனி கமாண்டர் யார், கூட இருந்த நம்ம ஊர்க்காரர் யார், பனி பெய்த இடத்தில் இருந்தாரா, கப்பலேறிப் போனாரா, அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருந்தாரா என்று கேட்டு வாருங்கள். பெரிய மகள் பிறந்தபோது, வீடு கட்டியபோது என்று குடும்பக் கணக்கோடு சேர்த்தால் வருடம் தானே வந்துவிடும். ஒரே நாளில் முடிக்காதீர்கள். செல்போனில் பதிவு செய்துகொண்டு பிறகு ஒரே பக்கத்தில் எழுதுங்கள். சில நினைவுகளைச் சொல்லும்போது அவர் நிறுத்திவிடுவார். அங்கே வற்புறுத்தாதீர்கள். மெடலுக்குத் தேவையானது இடமும் காலமும் மட்டுமே.

பழைய கடிதங்கள் இருந்தால் உறையோடு வைத்திருங்கள். "கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.", "கேர் ஆஃப் 99 ஏ.பி.ஓ." என்று ராணுவத் தபால் நிலைய முகவரி இருக்கும். 99 என்றால் பொதுவாகக் கிழக்குப் பகுதி. அது மட்டுமே சாட்சியாகிவிடாது. ஆனால் உறையில் யூனிட்டின் பெயரும் தபால் முத்திரையின் தேதியும் சேர்ந்து இருக்கும். அவை இரண்டும் பயன்படும். குரூப் போட்டோக்களின் அடியிலும் யூனிட் பெயரும் வருடமும் அச்சாகியிருக்கும்.

எந்தெந்த மெடல் கேட்கலாம்

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். சீனப் போருக்குப் பிறகு படையைப் பெருக்கியபோது, 1963இல் ஒருவர் சேர்கிறார். 1973இல் வெளியே வருகிறார். 1965 போர்க்காலத்தில் அவர் பணியில் இருந்ததால் ரக்ஷா மெடலைப் பார்க்கவேண்டும். போர் நடந்த பகுதியிலேயே இருந்திருந்தால் சமர் சேவா ஸ்டார் சேரும். 1971க்கு சங்கிராம் மெடல். கிழக்கே களத்தில் இருந்திருந்தால் பூர்வி ஸ்டார், மேற்கே என்றால் பஸ்சிமி ஸ்டார். சுதந்திரத்தின் 25ஆம் ஆண்டுக்கு ஒரு மெடல் உண்டு. ஒன்பது வருடம் முடித்தவருக்கு நீண்ட சேவை மெடல் உண்டு. ஜம்மு காஷ்மீரிலோ, இமயமலைப் பகுதியிலோ, நேஃபாவிலோ (இன்றைய அருணாசலப் பிரதேசம்), அந்தமானிலோ தேவையான காலம் இருந்திருந்தால் அந்தந்த இடத்தின் பெயர் பொறித்த பட்டையுடன் சைன்ய சேவா மெடல் கிடைக்கும். பத்தே வருடம் இருந்த சாதாரண சிப்பாய் ஒருவருக்கு இத்தனை மெடல்களைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் பல வீடுகளில் "அவருக்கு மெடல் ஒண்ணும் கிடைக்கல" என்றே பேச்சு இருக்கும்.

அதற்கு முன்னால் இருந்தவர்களுக்கு 1947ஆம் ஆண்டின் ஜெனரல் சர்வீஸ் மெடல் இருக்கிறது. காஷ்மீர், கொரியா, நாகா மலை, கோவா என்று அதற்கும் பட்டைகள் உண்டு. ஐ.நா. படையோடும் பிற பணிகளிலும் வெளிநாடு போனவர்களுக்கு விதேஷ் சேவா மெடல். 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் இலங்கைக்குப் போனவர்களுக்கு ஸ்பெஷல் சர்வீஸ் மெடல், 'ஸ்ரீலங்கா' என்ற பட்டையுடன். கார்கிலுக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டாரும் ஆபரேஷன் விஜய் மெடலும். 2001–02இல் எல்லையில் படை குவித்தபோது இருந்தவர்களுக்கு ஆபரேஷன் பராக்ரம் மெடல். உயரமான மலைகளுக்கு ஒன்று, சியாச்சின் பனிமலைக்கு ஒன்று, எதிரியின் தாக்குதலில் காயம்பட்டவர்களுக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. இருபது வருடம், முப்பது வருடம் முடித்தவர்களுக்கும், 1997இன் சுதந்திரப் பொன்விழாவுக்கும் மெடல்கள் உண்டு.

ஒவ்வொன்றுக்கும் தனி நிபந்தனை இருக்கிறது. இத்தனை நாள், இந்த எல்லைக்குள், இந்தத் தேதிக்குள் என்றிருக்கும். அதை நீங்களே தீர்ப்புச் சொல்ல முயலவேண்டாம். பணி விவரத்தைத் தெளிவாகக் கொடுத்து, "இதன்படி எவற்றுக்கு உரிமை உண்டோ அவற்றை" என்று கேட்பதுதான் சரியான முறை. இருப்பதையும் இல்லாததையும் சேர்த்து நீளமாகப் பட்டியல் போட்டால் உண்மையான கோரிக்கையின் மதிப்பும் குறைந்துவிடும்.

எங்கே எழுதுவது

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். கடைசியாக இருந்த யூனிட்டுக்கு எழுதுவார்கள். அது நாலு இடம் மாறிப் போயிருக்கும். டெல்லிக்கு, ஜனாதிபதிக்கு என்று எழுதுவார்கள். அது சுற்றிச் சுற்றி ரெக்கார்ட் ஆபீசுக்கே வரும். சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரை எல்லாருடைய பணி ஆவணமும் அவரவர் ரெஜிமென்ட் அல்லது கோரின் ரெக்கார்ட் ஆபீசில்தான் இருக்கிறது. முதல் கடிதம் அங்கே போகவேண்டும்.

மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரியில் வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இ.எம்.இ.க்கும் ஆர்டினன்ஸுக்கும் செகந்திராபாத், மெடிக்கல் கோருக்கு லக்னோ. கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்குர்டில் உள்ள மாலுமிகள் பதிவகம், விமானப்படையினருக்குப் புதுடெல்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள ஏர் ஃபோர்ஸ் ரெக்கார்ட் ஆபீஸ். ரிட்டயர் ஆனபின் டி.எஸ்.சி. என்ற டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோரில் மறுபடி சேர்ந்தவர்கள் நம்மூரில் நிறைய. அவர்களுக்கு இரண்டு சர்வீஸ் நம்பர் இருக்கும். டி.எஸ்.சி. ரெக்கார்ட் கண்ணூரில் இருக்கிறது. 1971இல் முதல் படையில் இருந்தபோது கிடைக்கவேண்டிய மெடலைக் கேட்கையில் பழைய எண்ணைத்தான் முதலில் எழுதவேண்டும், இரண்டாவது எண்ணையும் குறிப்பிடவேண்டும்.

கடிதத்தை நேரே அனுப்பலாம். ஆனால் உங்கள் மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினால் நல்லது. எக்ஸ்-சர்வீஸ் ஆபீஸ் என்று ஊரில் சொல்வது அதைத்தான். அங்கிருக்கிறவர்களுக்கு இந்த நடைமுறைகள் பழக்கம். நகல்களில் சான்றொப்பமும் வாங்கிக்கொள்ளலாம். டிஸ்சார்ஜ் புக்கின் ஒரிஜினலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் யாரிடமும் கொடுக்காதீர்கள், தபாலிலும் அனுப்பாதீர்கள். ஜெராக்ஸ் போதும்.

கடிதம்

ஒரே பக்கம். சொந்தக் கதை வேண்டாம். எளிய ஆங்கிலத்தில் இருப்பது நல்லது. படிக்கிற கிளார்க் எந்த மாநிலத்தவராகவும் இருக்கலாம். உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்:

"பொறுப்பு அதிகாரி, ரெக்கார்ட்ஸ், (ரெஜிமென்ட்), (ஊர்). பொருள்: வழங்கப்படாத மெடல்கள் – எண், ரேங்க், பெயர். ஐயா, மேற்கண்டவர் (தேதி) அன்று சேர்ந்து (தேதி) அன்று வெளியேறினார். (ஆண்டு) முதல் (ஆண்டு) வரை (யூனிட்) பிரிவில் (இடம்) பகுதியில் பணி செய்தார். டிஸ்சார்ஜ் புக்கில் (மெடலின் பெயர்) பதிவாகியுள்ளது. அது இன்றுவரை வந்து சேரவில்லை. அவருடைய பணி ஆவணத்தைச் சரிபார்த்து, உரிமையுள்ள மெடல்களின் விவரத்தைத் தெரிவிக்கவும், வழங்கப்படாதவற்றை அனுப்பவும் வேண்டுகிறேன். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை), அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்கள் இணைப்பு."

கையெழுத்து, முழு முகவரி, பின்கோடு, செல்போன் எண். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சர்வீஸ் நம்பரின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து இருந்தால், அதை விட்டுவிடாதீர்கள்.

பெயரும் இனிஷியலும்

தமிழ்க் குடும்பங்களுக்குப் பழக்கமான தலைவலி இது. ஆதாரில் "கே. முருகேசன்", டிஸ்சார்ஜ் புக்கில் வெறும் "முருகேசன்", பி.பி.ஓ.வில் "முருகேசன் கே", வாக்காளர் அட்டையில் "முருகேசன் கந்தசாமி" என்று நாலு ஆவணத்தில் நாலு விதமாக இருக்கும். வடக்கே இருந்த கிளார்க் ஒருவர் காதில் விழுந்தபடி எழுதிய ஸ்பெல்லிங் ஒன்றும் சேர்ந்திருக்கும். ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதும்போது டிஸ்சார்ஜ் புக்கில் எப்படி இருக்கிறதோ, எழுத்துப் பிசகாமல் அப்படியே எழுதுங்கள். "சரியான" பெயரை எழுதினால் அது வேறொரு ஆளாகிவிடும். இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மனைவியின் பெயருக்கும் இதே கவனம் வேண்டும். வள்ளியம்மை ரெக்கார்டில் வள்ளியம்மாள் ஆகியிருந்தால், மெடலுக்கு மட்டுமல்ல, நாளை குடும்பப் பென்ஷனுக்கும் அது முட்டுக்கட்டை. பெரியவர் இருக்கும்போதே அந்தத் திருத்தத்தைச் செய்துவிடுங்கள்.

அவர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்றிதழும், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். மனைவி இருந்தால் விண்ணப்பம் அவர் பெயரிலேயே போகட்டும். அவரும் இல்லையென்றால், பிள்ளைகளில் ஒருவர் பெயரில் அனுப்பி, மற்றவர்கள் "ஆட்சேபணை இல்லை" என்று கையெழுத்திட்ட கடிதத்தையும் சேர்க்கவேண்டும். மெடல் வந்தபிறகு யார் வீட்டில் இருக்கவேண்டும் என்று அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல் வருவதுண்டு. அதை விண்ணப்பம் போடுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுவது நல்லது. மகள்களின் கையெழுத்தையும் வாங்குங்கள். வாரிசுச் சான்றிதழில் அவர்களும் இருக்கிறார்கள்.

"ஆவணம் அழிக்கப்பட்டது" என்று பதில் வந்தால்

பென்ஷன் இல்லாமல் வெளியேறியவர்களின் பணி ஆவணங்களை 25 ஆண்டு வைத்திருந்து பிறகு அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. அறுபதுகளில் சேர்ந்தவர்களில் பலர் சில வருடம் பணியிலும் சில வருடம் ரிசர்விலும் இருந்து, பதினைந்து வருடம் முடியாமல் கிராஜுவிட்டியோடு திரும்பியவர்கள். 1965, 1971 போர்களைப் பார்த்தவர்களிலேயே இவர்கள் நிறைய. அவர்களுக்குப் பென்ஷனும் இல்லை, இப்போது ஆவணமும் இல்லை. இந்த விதியால் மிகவும் பாதிக்கப்படுகிறவர்கள் இவர்கள்தான், இவர்களுக்காகவே இன்னும் ஒரு படி மேலே முயலவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எல்லாமே அழிந்துவிடுவதில்லை. லாங் ரோல் என்ற பேரேடு நிரந்தரமாக வைக்கப்படுகிறது. அதில் உள்ள அவருடைய பதிவின் நகலைக் கேளுங்கள். அதோடு கையிலிருக்கும் டிஸ்சார்ஜ் புக்கின் நகலையும், கடித உறைகளையும், போட்டோக்களையும், அதே யூனிட்டில் அதே காலத்தில் இருந்தவரின் எழுத்துப்பூர்வ சாட்சியத்தையும் சேர்த்து மறுபடி எழுதுங்கள். ரெக்கார்ட் ஆபீசில் காகிதம் இல்லாதபோது, உங்கள் வீட்டு டிஸ்சார்ஜ் புக்கே பெரும்பாலும் மிஞ்சிய ஒரே அத்தாட்சி.

பதிலே வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டம், கட்டணம் 10 ரூபாய், போஸ்டல் ஆர்டராக அனுப்பலாம். 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இந்தச் சட்டத்தில் கேட்கக்கூடியது தகவலை மட்டும்தான், மெடலை அல்ல. "மெடல் தாருங்கள்" என்று எழுதினால் திருப்பிவிடுவார்கள். ஷீட் ரோலில் பதிவான மெடல்கள் எவை, அதற்கான பார்ட் டூ ஆர்டரின் எண்ணும் தேதியும் என்ன, மெடல் எந்தத் தேதியில் எந்த முகவரிக்கு அனுப்பப்பட்டது, ஆவணம் அழிக்கப்பட்டிருந்தால் எந்த உத்தரவின்படி, லாங் ரோல் பதிவின் நகல் – இவற்றைக் கேளுங்கள். வந்த பதிலை இணைத்து மறுபடி மெடலுக்கு எழுதுங்கள். இரண்டாவது கடிதம் முதல் கடிதத்தைவிட வலுவாக இருக்கும்.

மெடல் வந்ததும்

விளிம்பைப் பாருங்கள். எண்ணும் பெயரும் சரியா என்று டிஸ்சார்ஜ் புக்கோடு ஒப்பிடுங்கள். தவறிருந்தால் உடனே எழுதுங்கள். புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். பொறித்த எழுத்தும் தேயும். பெரும்பாலான மெடல்கள் வெள்ளி அல்ல, உருக்கினால் கிடைக்கிற காசும் பெரிதல்ல. ரிப்பன் நைந்திருந்தால் புதிது வாங்கி மாற்றலாம், பழையதை எறியாமல் கூடவே வையுங்கள். கடையில் வாங்கிய நகல் மெடல் வீட்டில் இருந்தால் அதையும் வைத்திருக்கலாம், ஆனால் இது நகல், இது அரசு தந்தது என்று ஒரு சீட்டெழுதி வையுங்கள். அடுத்த தலைமுறைக்கு வித்தியாசம் தெரியாது.

1965இல் இருபது வயதுச் சிப்பாயாக இருந்தவர் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார். அவர் கையால் வாங்கவேண்டிய மெடல் இது. டிஸ்சார்ஜ் புக்கை இன்றே எடுத்து ஜெராக்ஸ் போடுங்கள், கடிதத்தை இந்த வாரமே அனுப்புங்கள்.